காயவும் கூடாது, ஊறவும் கூடாது

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது. உங்கள் உடம்பு, என் மகளின் உடம்பு, புது ஆபீஸ், வாடகை வீடு எல்லாவற்றின் நலத்தையும் தனித்தனியாக விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே நானும் உங்கள் மாமியாரும் சௌக்கியம். நீங்கள் ஒப்படைத்துவிட்டுப் போன செடிதான் சௌக்கியமில்லை. அதற்குச் சௌக்கியமில்லாததால் எங்களுக்கும் சௌக்கியமில்லை. ஆகவே நாங்கள் சௌக்கியம் என்று எழுதிய வரியை அடித்துவிட்டதாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனை நான் எடுத்தால் உங்கள் மாமியார் பிடுங்கிக்கொண்டு, "அவரு கிடக்காரு, நீங்க சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?" என்று ஆரம்பித்துவிடுகிறார். நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. தவிர, நான் குடிநீர் வாரியத்தில் வால்வு திறந்து மூடுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். புகார் என்றால் எழுத்தில் கொடுங்கள் என்று குடத்தோடு வந்த அத்தனை பேரிடமும் சொன்னவன். இன்று என் புகாரை நான் வாய்மொழியாகச் சொன்னால் அவர்கள் எல்லாம் என்ன நினைப்பார்கள்?

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்கள் நேரில் வந்து உங்கள் செடியை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். அதற்கு மேல் ஒரு நாள் இந்த வீட்டில் இருந்தாலும் அதன் உயிருக்கு நான் பொறுப்பல்ல. என் உயிருக்கு யார் பொறுப்பு என்பதையும் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் மாற்றலாகிப் புறப்பட்ட அன்று நடந்ததைக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். லாரியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. நீங்கள் இந்த ஃபெர்ன் செடியை, அதாவது பெரணியை, மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தீர்கள். "அந்த வீட்ல வெளிச்சம் எப்படியோ, காத்து எப்படியோ, வழியிலயே வாடிப் போயிடும்போல இருக்கு" என்றீர்கள். காரியத்தைக் கெடுத்தவள் என் மகள். "எங்க அப்பாகிட்ட விட்டுட்டு வாங்க. ஊருக்கே தண்ணி விட்டவரு, ஒரு தொட்டிக்கு விட மாட்டாரா?" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கொடுங்கள் என்று கையை நீட்டிவிட்டேன். தொட்டி என் கைக்கு வந்த பிறகு நீங்கள் சொன்னீர்கள்: "அம்மா ஜன்னல்ல வச்சிருந்தது மாமா. அம்மாவோட சாமான்ல இது ஒண்ணுதான் இன்னும் வளர்ந்துக்கிட்டு இருக்கு." சொல்லிவிட்டு லாரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். இதைத் தொட்டியைக் கொடுப்பதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லியிருந்தால் நான் கையை நீட்டியிருப்பேனா? பெற்ற தாயை இழந்த பிள்ளையின் கையிலிருந்து வாங்கியதை, வாடிவிட்டது என்று எந்த மனுஷன் திருப்பிக் கொடுப்பான்? எந்த முகத்தோடு கொடுப்பான்? இது நியாயமே இல்லை மாப்பிள்ளை.

அதிலும் உங்கள் அம்மாவின் செடி! சம்பந்தியம்மா தங்கமான மனுஷி, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் அவர் இருந்தவரை என்னைப் பார்த்துச் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான்: "சம்பந்தி, எங்க தெருவுக்குத் தண்ணி வரலை." உங்கள் கல்யாணத்தன்று, உங்கள் இருவருக்கும் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கிற நேரத்தில், போட்டோக்காரர் சிரிக்கச் சொல்கிறார், உங்கள் அம்மா என் காதருகில், "இன்னைக்காவது தொறந்து விட்டுட்டு வந்தீங்களா?" என்கிறார். ஆல்பத்தில் என் முகத்தை எடுத்துப் பாருங்கள், தெரியும். உங்கள் தெரு மேட்டில் இருக்கிறது, குழாய்க்குக் கடைசியில் இருக்கிறது. தண்ணீர் மேட்டில் ஏறாது என்பது நான் போட்ட சட்டமா? இதை எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, நாளைக்கு வருமா?" என்பார். இப்போது அவர் போய், அவர் செடி வந்திருக்கிறது. அதே புகார்தான். வாய் மட்டும் இல்லை.

சரி, வாங்கியது வாங்கியாகிவிட்டது, எப்படித் தண்ணீர் விடுவது என்று கேட்டேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "காயவும் கூடாது, ஊறவும் கூடாது மாமா." இது ஒரு உத்தரவா? வால்வைத் திறக்கவும் கூடாது, மூடவும் கூடாது என்று எங்கள் வாரியத்தில் ஒரு அதிகாரி சொல்லியிருந்தால் அவருக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருப்போம். விளக்கம் கேட்டால், "விரலால மண்ணத் தொட்டுப் பாருங்க. மேல் மண்ணு காய ஆரம்பிச்சா, அடியில வழியுற வரைக்கும் ஊத்துங்க. தட்டுல தேங்குற தண்ணியக் கொட்டிடுங்க" என்கிறீர்கள். சர்வீஸ் முழுக்க ஊருக்குத் தண்ணீர் விட்டேனே, ஒவ்வொரு வீட்டுத் தொட்டியிலும் விரலை விட்டுப் பார்த்துவிட்டா திறந்தேன்? காலையில் திறப்போம், சாயங்காலம் திறப்போம். வேண்டியவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது, வேண்டாதவர்கள் குழாயை மூடிவைக்க வேண்டியது. அந்த முறைப்படியே இந்தச் செடிக்கும் இரண்டு வேளை சப்ளை ஏற்பாடு செய்தேன். ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சலில் படுத்தபோதும் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து ஊற்றினேன்.

முதலில் வெயில் காலம். வெயில் காலத்தில் அது எவ்வளவு ஊற்றினாலும் குடித்தது, பழி சொல்லக் கூடாது. ஆனால் இலை நுனியெல்லாம் தீப்பட்ட மாதிரி பழுப்பாகிக்கொண்டே வந்தது. பாவம், புழுங்குகிறது போலிருக்கிறது என்று ஹால் ஃபேனுக்கு நேர் கீழே வைத்தேன். எனக்கு வைக்காத ஃபேன் மாப்பிள்ளை அது, நான் வராந்தாவில் விசிறியோடு உட்கார்ந்திருந்தேன். நுனி இன்னும் அதிகமாகக் கருகியது. தண்ணீர் போதவில்லை என்று முடிவு செய்து அளவை ஏற்றினேன். தட்டு வழிந்து ஷோகேஸில் இறங்கி, பலகை ஊதி, இன்றுவரை அதன் கதவு மூட மாட்டேன் என்கிறது. ஷோகேஸ் கெட்டுவிட்டதே என்று செடியை ஜன்னல் கம்பிக்கு வெளியே இருக்கும் பலகையில் வைத்தேன். அங்கே வழிந்தது நேராகக் கீழ்வீட்டு டெய்லர் வாசலில், இஸ்திரி போட்டு ஹேங்கரில் மாட்டியிருந்த கோட்டு மேல் விழுந்திருக்கிறது. அவர் மேலே ஏறி வந்தார். சண்டை போடுவார் என்று நானும் தயாராகத்தான் இருந்தேன். அவர் சண்டை போடவில்லை. "சார், நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்கன்னுல்ல சொன்னாங்க? எங்களுக்கு இப்பதான் ரெண்டு வேளையும் வருது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். உங்கள் மாமியார் உள்ளே போய்ச் சிரித்தார். சத்தம் ஹாலுக்குக் கேட்டது.

இந்த நிலையில்தான் நீங்கள் போனில் ஒரு யோசனை சொன்னீர்கள். முதல் விஷயம், ஃபேன் காற்று ஆகாதாம், ஈரக் காற்றுதான் வேண்டுமாம். அதையாவது பொறுத்துக்கொண்டேன். அடுத்து சொன்னீர்களே, "குழாய்த் தண்ணிய அப்படியே ஊத்தாதீங்க மாமா, ஒரு பாத்திரத்துல பிடிச்சு ஒரு நாள் தொறந்து வைங்க, குளோரின் போயிடும்" என்று, அதை எந்த வாயால் என்னிடம் சொன்னீர்கள் மாப்பிள்ளை? மரியாதையோடுதான் கேட்கிறேன். அந்தக் குளோரினைப் போட்டது யார்? இந்தக் கை. ஆள் வராத நாளெல்லாம் கண் எரிய மூக்கு எரிய நானே நின்று கலந்திருக்கிறேன். இந்த ஊர்க் குழந்தைகளின் வயிறு கெடாமல் காப்பாற்றிய குளோரின் அது. ஊரே குடித்தது. நீங்கள் குடித்துத்தான் இவ்வளவு பெரிய ஆளாகி என் மகளைக் கட்டினீர்கள். உங்கள் அம்மாவும், ஏதோ வந்த மட்டும், அதைத்தான் குடித்தார். ஒருவருக்காவது நுனி கருகியதா? ஊருக்கு ஆன தண்ணீர் ஒரு தொட்டிச் செடிக்கு ஆகாதா? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எனக்கு உப்பிட்டது வாரியம். அதன் தண்ணீரை ஒரு செடி குறை சொன்னது என்பதற்காகப் பாத்திரத்தில் பிடித்து ஆறப்போடுகிற ஆள் நான் இல்லை. குழாயிலிருந்து நேராகப் பிடித்தேன், நேராக ஊற்றினேன். நுனி கருகியது. கருகட்டும் என்று விட்டேன். விட்டேன் என்றா நினைக்கிறீர்கள்? கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொரு நுனியாக வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வீடியோ காலில் பார்த்துவிட்டால் என்ன செய்வது?

பிறகு மழைக்காலம். வானத்திலிருந்து கொட்டுகிறது என்பதற்காக வாரியம் சப்ளையை நிறுத்துவதில்லை. நானும் நிறுத்தவில்லை. மண் காயவே இல்லை. அடி இலைகள் மஞ்சளாகி மஞ்சளாகிச் சாய்ந்தன. மண்ணிலிருந்து கடுகைவிடச் சிறிய கொசு மாதிரி ஒன்று கிளம்பி வீடெல்லாம் பறக்க ஆரம்பித்தது. உங்கள் மாமியார் தன் டீயிலிருந்து ஒன்றைக் கரண்டியால் எடுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நர்சரிக்கு ஓடினேன். அண்ணன் தம்பி இருவர் நடத்துகிற கடை. அன்று அண்ணன்காரர் இருந்தார். இலையை வாங்கிப் பார்த்துவிட்டு, "தண்ணி பத்தலை சார்" என்றார். மறுநாள் இன்னொரு இலையோடு போனேன். தம்பிக்காரர் இருந்தார். "தண்ணி ஜாஸ்தி சார்" என்றார். உங்கள் அண்ணன் நேற்று வேறு மாதிரி சொன்னாரே என்றேன். "அவன் கெடக்கான், அவன் பேச்சக் கேட்டு எங்க வீட்டுச் செடியே போச்சு" என்றார். ஒரே கடை, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே செடி. எனக்குத் தலை சுற்றிவிட்டது. வருகிற வழியில் உங்களுக்குப் போன் போட்டால், "மழைக்காலத்துல குறைச்சுக்கணும் மாமா, குளிர்காலத்துல இன்னும் குறைச்சுக்கணும்" என்கிறீர்கள். இதை மழைக்காலம் முடியும்போது சொல்கிறீர்கள்! குறைக்க வேண்டும் என்றால் எவ்வளவு? "கொஞ்சமா" என்றீர்கள். எங்கள் வாரியத்தில் கொஞ்சம் என்று ஒரு அளவு கிடையாது. திறந்திருக்கும், இல்லாவிட்டால் மூடியிருக்கும்.

ஆகவே குளிர்காலம் வந்ததும் மூடிவிட்டேன். ஊற்றினால் அழுகுகிறது, கொசு வருகிறது, டெய்லர் வருகிறார். ஊற்றாவிட்டால் யாரும் வர மாட்டார்கள் அல்லவா? குளிரில் செடி தூங்கும் என்று நீங்களே சொன்னீர்கள். தூங்குகிறவனை எழுப்பித் தண்ணீர் குடி என்று எந்த வீட்டில் சொல்கிறார்கள்? நானும் தொந்தரவு செய்யவில்லை. அது தூங்கவில்லை மாப்பிள்ளை, காய்ந்துகொண்டிருந்தது. ஒரு நாள் யாரோ கதவைச் சாத்திய அதிர்ச்சியில் பொலபொலவென்று உதிர்ந்தது பாருங்கள், ஹால் முழுக்கத் தூள். உங்கள் மாமியார் கூட்டிக்கொண்டே வந்தவர் பாதியில் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். "சம்பந்தியம்மா செடிங்க அது. மாப்பிள்ளைக்கு என்னன்னு சொல்லப் போறீங்க?" என்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். தொட்டியைத் தூக்கினேன். காகிதம் மாதிரி கனமே இல்லை. உண்மையைச் சொல்கிறேன், அன்று நான் பயந்த மாதிரி, பிரதானக் குழாய் வெடித்து ரோடெல்லாம் ஆறாக ஓடிய அன்றுகூடப் பயந்ததில்லை.

ஆபத்துக்குப் பாவமில்லை என்று பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, வாளியில் தண்ணீர் நிறைத்துத் தொட்டியை அப்படியே இறக்கினேன். மண் குபுகுபுவென்று காற்றை விட்டது. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம். ரொம்ப நாள் தண்ணீர் வராத தெருவில் குழாயைத் திறந்தால், தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று வருமே, அதே சத்தம். குமிழி நிற்கும்வரை வாளிக்குப் பக்கத்திலேயே நின்றேன். அதெல்லாம் இந்தப் புகாருக்கு அவசியமில்லாத விவரம், விடுங்கள்.

அன்றிலிருந்து செடி பாத்ரூமிலேயே குடியிருக்கிறது. காலையில் ஒரு வேளை சப்ளையையும் மறுபடி திறந்துவிட்டேன். அங்கே சின்ன ஜன்னல், இளம் வெளிச்சம், வெந்நீர் ஆவி, வேறென்ன வேண்டும் அதற்கு? வேண்டியது எனக்குத்தான். குளிக்கிற இடத்தில் ஒரு மூலையில் சம்பந்தியம்மா செடி இருக்கிறது என்றால் ஒரு மனுஷன் எப்படி மாப்பிள்ளை குளிப்பான்? முதல் வாரம் துண்டைக் கட்டிக்கொண்டே குளித்தேன். உங்கள் மாமியாருக்கு அதெல்லாம் கவலையில்லை. "நீங்க குளிச்சா அது நல்லா இருக்கு. இன்னொரு வாளி ஊத்திக்கிட்டு வாங்க" என்று வெளியிலிருந்து குரல் கொடுக்கிறார். செடிக்காக நான் இரண்டு வேளை குளிக்கிறேன். ஊருக்குக் கொடுத்த சப்ளையை எனக்கே கொடுத்துக்கொண்டிருக்கிறேன். தோலெல்லாம் ஊறிப் போய் விரல் நுனி சுருங்கிவிட்டது. அதைப் பார்த்து, "உங்களுக்கும் குளோரின் ஒத்துக்கலையோ?" என்கிறார்.

எல்லாவற்றையும் தாங்கினேன், கடைசியில் நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. சமையலறை மூலையில் வாயகன்ற பாத்திரம் ஒன்றில் தினமும் தண்ணீர் இருப்பதைக் கவனித்தேன். உங்கள் மாமியார் குருவிக்கு வைக்கிறாராக்கும் என்று நினைத்திருந்தேன். குருவி சமையலறைக்குள் எதற்கு வருகிறது என்று நேற்றுதான் புத்தி வேலை செய்தது. கேட்டேன். "ஒரு நாள் தொறந்து வச்ச தண்ணி. நீங்க கடைத்தெருவுக்குப் போறப்ப மண்ணத் தொட்டுப் பார்த்து ஊத்துறேன்" என்றார், ஏதோ வெங்காயம் உரித்தேன் என்பது போல. எத்தனை நாளாக? "வாளியில முக்கினீங்களே, அன்னையிலருந்து." அப்படியானால் நான் காலையில் ஊற்றுகிற தண்ணீர்? "அத நீங்க பேப்பர் எடுக்கப் போனதும் தட்டோட எடுத்துக் கொட்டிடுவேன்." என் வீட்டில், என் பாத்ரூமில், என் சப்ளையை என் மனைவியே வெளியே கொட்டிக்கொண்டிருக்கிறார்! அதற்குப் பிறகுதான் நுனி கருகுவது நின்றிருக்கிறது. நுனி கருகுவது நின்றதை வெட்டுகிற நான்தான் முதலில் கவனித்தேன், வாரியத் தண்ணீருக்குச் செடி பழகிவிட்டது என்று டெய்லரிடம் பெருமையாகச் சொல்லியும் விட்டேன். இனி அந்த ஆள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஆகவே மாப்பிள்ளை, போதும். பருவத்துக்கு ஒரு புத்தி உள்ள செடியோடு எனக்கு ஒத்துவராது. வெயிலில் கேள், மழையில் வேண்டாம் என்று சொல், குளிரில் கொஞ்சம் என்று சொல், ஆனால் வாயைத் திறந்து எதையும் சொல்லாதே, தொடுகிறவன்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், அதற்கு வேறு ஆள் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போங்கள். இது என் முடிவான கருத்து.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள். நோய் நொடி அண்டாமல், சொல்லும் சோறும் குறையாமல், உங்கள் வீட்டுக் குழாயில் எந்தக் கோடையிலும் காற்று மட்டும் வராமல் வாழ வேண்டும். உங்கள் மாமியார் உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். அவரோடு நான் நேற்றிலிருந்து பேசவில்லை. ஆனாலும் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
பொறுமை எல்லை மீறிய நிலையில்,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே உள்ளதெல்லாம் நேற்று ராத்திரி எழுதியது. இன்று உறையை ஒட்டப் போகும் நேரத்தில் என் மகள் போன் செய்தாள். உங்கள் மாமியார் என் புகாரை அவளிடம் சொல்லிவிட்டு வந்து, "ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வர்றாங்களாம். செடியக் கார்லயே கொண்டுபோயிடறாங்களாம். அட்டைப்பெட்டி ஒண்ணு எடுத்து வைங்க" என்றார். நான் கேட்டதுதான், மகிழ்ச்சி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வீட்டில் இருக்க மாட்டோம். எங்கே போகிறோம் என்பது இன்னும் முடிவாகவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான் போகிறோம். அட்டைப்பெட்டியும் வீட்டில் இல்லை, இருந்த ஒன்றை இப்போதுதான் கிழித்துப் போட்டேன். விஷயம் என்னவென்றால், இன்று காலை குளிக்கும்போது பார்த்தேன், தொட்டியின் நடுவில் காய்ந்த தண்டுகளுக்கிடையில் இரண்டு மூன்று இடத்தில் புதுக் குருத்து, பிறந்த குழந்தை கையை மூடி வைத்திருக்கிற மாதிரி சுருண்டு எழுந்திருக்கிறது. வெயில் வேறு ஆரம்பித்துவிட்டது, இனிமேல் நன்றாகக் குடிக்கும். இந்தச் சமயத்தில் காரில் வைத்துக் குலுக்கிக்கொண்டு போவது நன்றாகவா இருக்கிறது? மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம்தான், ஆனால் கொடுத்த புகாரைக் கிழிப்பது எங்கள் வாரியத்தில் வழக்கமில்லை, 'நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதி முடித்துவிடுவோம். நீங்களும் அப்படியே முடித்துவிடுங்கள். பார்க்க எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், எடுத்துப் போக மட்டும் வராதீர்கள். சமையலறைப் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்துத் திறந்து வைப்பது இன்று முதல் நான்தான், இது வாரியத்தில் யாருக்கும் தெரிய வேண்டாம். காலையில் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றினேன், மேல் மண் காய ஆரம்பித்திருந்தது. உங்கள் அம்மா தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது.